மச்சானுக்கு எழுதிக் கொடுத்த இராச்சியம்

இரண்டாம் கஜபாகுவின் குடும்பத்தை நான் முதன்முதலில் வரைந்து பார்த்தது ஒரு கலியாண அழைப்பிதழின் பின்பக்கத்தில்தான். திருகோணமலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் பெரியம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். நான் பென்சிலால் கோடு இழுத்துப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தேன். அதற்கு முந்திய கிழமைதான் எங்கள் உறவுக்குள் பேசிவந்த ஒரு சம்பந்தம் நின்றுபோயிருந்தது. சாதகம் பொருந்தியிருந்தது, சீதனப் பேச்சும் முடிந்திருந்தது. ஆனால், தம்பலகாமத்துப் பக்கத்து உறவுகளைப் பெரியம்மா விரல் மடித்து எண்ணிப் பார்த்தபோது, மாப்பிள்ளை பெண்ணுக்குத் தமையன் முறையாக வந்துவிட்டது. அதற்கு மேல் யாரும் கதைக்கவில்லை. அந்த ஞாபகம் மனதில் இருந்தபடியால்தான், 12ஆம் நூற்றாண்டின் ஓர் அரச குடும்பத்தையும் அவரைக் கொண்டே எண்ணிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். கண்ணகி விழாவுக்கு வந்தவனாகச் சிலப்பதிகாரம் சொல்லும் கயவாகு இவன் அல்லன். அவன் இவனுக்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் முந்தியவன். நான் எழுதுவது 1132 முதல் 1153 வரை பொலநறுவையில் ஆட்சி செய்து, தன் கடைசிக் காலத்தைத் திருகோணமலைக்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கந்தளாயில் கழித்து, அங்கேயே இறந்தவனைப் பற்றி. வரலாற்றுப் பாடத்தில் இவனுக்கு இரண்டு வரி கிடைத்தாலே பெரிது. மகா பராக்கிரமபாகுவுக்கு முந்தியவன், அவனிடம் தோற்றவன், அவ்வளவுதான். இலங்கை அரசர்களின் கதையைச் சொல்லும் பாளி நூலான சூளவம்சத்தின் அந்தப் பகுதி பராக்கிரமபாகுவைத் தலைவனாக வைத்துப் பாடப்பட்ட காவியம் போன்றது. அதில் கஜபாகு கதை நகர்வதற்கு வேண்டிய ஒரு தடையாக மட்டுமே நிற்கிறான். ஆனால், அதே நூல் தரும் உறவு விவரங்களை மட்டும் பிரித்தெடுத்து முறை பார்த்தால், வேறொரு மனிதன் தெரிகிறான்.

அட்டையின் உச்சியில் நான் எழுதிய பெயர் முதலாம் விஜயபாகு. 1070இல் சோழரைப் பொலநறுவையிலிருந்து வெளியேற்றியவன். அவனுக்கு மித்தா என்றொரு சகோதரி இருந்தாள். அவளைச் சோழ அரசன் பலமுறை பெண் கேட்டும் கொடுக்க மறுத்து, ஒரு பாண்டிய இளவரசனுக்கே விஜயபாகு மணம்முடித்து வைத்தான். போரில் விரட்டியவனுக்குப் பெண் கொடுப்பதில்லை, அவனுடைய பகைவனுக்குக் கொடுப்பது என்ற கணக்கு அதில் இருந்திருக்க வேண்டும். மித்தாவுக்கு மானாபரணன், கீர்த்திஸ்ரீமேகன், ஸ்ரீவல்லபன் என்று மூன்று ஆண்பிள்ளைகள். விஜயபாகுவுக்குக் கலிங்கத்து இளவரசி திலோகசுந்தரியிடம் பல பெண்பிள்ளைகளும் விக்கிரமபாகு என்ற ஒரே மகனும். மித்தாவின் மூத்த மகன் மானாபரணன் தன் மாமன் மகள் ரத்னாவலியையும், அடுத்தவன் கீர்த்திஸ்ரீமேகன் அவளுடைய சகோதரி லோகநாதாவையும் மணந்தார்கள். இதுவரை வரைந்து காட்டியபோது பெரியம்மா தலையை ஆட்டினார். "மாமியிட பெடியனுக்கு மாமாட பெட்டை. முறைதானே," என்றார்.

விஜயபாகு 1110இல் இறந்தபோது குடும்பம் இரண்டாகப் பிளந்தது. மித்தாவும் அவளுடைய மூன்று மகன்மாரும் பொலநறுவையில் இருந்தார்கள். மகன் விக்கிரமபாகு தெற்கே உறுகுணையில் இருந்தான். அவனுக்குத் தகவலே அனுப்பாமல் விஜயபாகுவின் தம்பி ஜயபாகுவை அரசனாக்கி, இளவரசுப் பட்டத்தை மானாபரணனுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்ற மகனை விட்டுவிட்டு மருமகனை அடுத்த வாரிசாக்கியது விக்கிரமபாகுவுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அவன் படையோடு வடக்கே வந்தான். மச்சான்மார் மூவரையும் தோற்கடித்துப் பொலநறுவையைப் பிடித்தான். தோற்ற மூவரும் தெற்கையும் மேற்கையும் தமக்குள் பங்கிட்டுக்கொண்டார்கள். விக்கிரமபாகு முடிசூட்டு விழா நடத்தாமலேயே இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆண்டான்.

இந்த விக்கிரமபாகுவுக்கும் கலிங்கத்திலிருந்து வந்த சுந்தரிக்கும் பிறந்தவன்தான் கஜபாகு. திம்புலாகல மலையிலுள்ள கல்வெட்டொன்று சுந்தரமாதேவியை விக்கிரமபாகுவின் தேவி என்றும் கஜபாகுவின் தாய் என்றும் குறிப்பிடுகிறது. அதே காலத்தில் தெற்கே மானாபரணனுக்கும் ரத்னாவலிக்கும் இரு பெண்பிள்ளைகளுக்குப் பின் பிறந்த மகன்தான் பராக்கிரமபாகு. ஆகவே, பராக்கிரமபாகுவுக்குக் கஜபாகு தாய்மாமன் மகன். கஜபாகுவுக்குப் பராக்கிரமபாகு மாமி மகன். எந்தப் பக்கத்திலிருந்து எண்ணினாலும் மச்சான்தான். "வடக்கு அரசன், தெற்கு இளவரசன்" என்று பாடப்புத்தகம் சொல்லித் தந்தபோது இது எனக்கு உறைக்கவேயில்லை.

இந்தக் கதையில் என்னை மிகவும் பிடித்து நிறுத்திய இடம் ரத்னாவலியின் வழக்கு. கணவன் மானாபரணன் இறந்ததும் அவனுடைய தம்பி ஸ்ரீவல்லபன் அவளையும் பிள்ளைகளையும் உறுகுணைக்கு அழைத்துச் சென்று தன் பொறுப்பில் வைத்துக்கொண்டான். அவளுடைய மூத்த மகளுக்கும் பாட்டியின் பெயரே, மித்தா. மகள் வளர்ந்ததும் ஸ்ரீவல்லபனுக்கு ஒரு பயம் வந்தது. ரத்னாவலி யாருக்கும் சொல்லாமல் மகளைப் பொலநறுவைக்கு அனுப்பி, தன் சகோதரன் மகன் கஜபாகுவுக்குக் கட்டிவைத்துவிட்டால், கலிங்க வழி வலுப்பெற்று, தன் மகனுக்கு அரசு கிடைக்காமலே போய்விடும் என்பது அந்தப் பயம். அவனுடைய மகனுக்கும் மானாபரணன் என்றே பெயர். ஆகவே, அந்த மானாபரணனுக்கே மித்தாவைக் கட்டிவைக்கத் தீர்மானித்தான்.

ரத்னாவலி மறுத்தாள். விஜயன் காலந்தொட்டு எங்கள் குலம் கலிங்கத்தோடு சம்பந்தம் செய்துவந்திருக்கிறது, அதைவிட்டால் சந்திர குலத்தோடு செய்திருக்கிறது, உங்கள் மகன் என்ற ஒரே காரணத்துக்காக ஆரிய குலத்து இளவரசனுக்கு எப்படி என் மகளைக் கொடுப்பது என்ற பொருளில் அவள் வாதாடியதாகச் சூளவம்சம் சொல்கிறது. இந்தப் பேச்சைப் பலமுறை வாசித்தபின்தான் அதிலுள்ள பொருந்தாமை எனக்குப் புலப்பட்டது. ரத்னாவலியின் சொந்தக் கணவனும் அதே ஸ்ரீவல்லபனின் உடன்பிறந்த அண்ணன்தானே. அவனுக்கு இல்லாத குலக்குறை தம்பியின் மகனுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

பெரியம்மாவிடம் இந்த இடத்தை விரலால் சுட்டிக் காட்டினேன். அவர் பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு அட்டையைத் தன் பக்கம் திருப்பினார்.

"இவளிட தேப்பனும் அவனிட தேப்பனும் கூடப்பிறந்ததுகள். அப்ப அவன் இவளுக்குத் தமையனெல்லோ?"

"ஓம்."

"தாய்வழி என்ன?"

தாய்வழி இன்னும் சிக்கலானது. மாப்பிள்ளையின் தாய் சுகலா. சுகலாவின் தாய் யசோதரா, விஜயபாகுவின் முதல் தேவிக்குப் பிறந்த மகள். அதாவது, ரத்னாவலியும் யசோதராவும் ஒரு தகப்பனின் பிள்ளைகள். அவர்களுடைய மகள்மாரான மித்தாவும் சுகலாவும் ஒருவருக்கொருவர் சகோதரிகள். சுகலாவின் மகனுக்கு மித்தா சின்னம்மா முறை. தகப்பன் வழியில் தங்கை, தாய் வழியில் சின்னம்மா. பெரியம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அந்த மனிசி மாட்டன் எண்டு சொன்னது சரிதான்," என்றார்.

ரத்னாவலி குலத்தைத்தான் சொன்னாள், முறையைச் சொன்னதாக நூலில் இல்லை என்பதை நான் மறைக்கவில்லை. அரச குடும்பங்கள் முறையை எங்களைப்போல் இறுக்கமாகப் பார்க்கவில்லை என்பதற்கும் இதே குடும்பத்தில் சான்று உண்டு. பின்னாளில் பராக்கிரமபாகுவே ஸ்ரீவல்லபனின் மகள் லீலாவதியை, அதாவது தன் சித்தப்பாவின் மகளை, தேவியாக்கிக்கொண்டான். இருந்தாலும், தன் சகோதரன் மகன் என்ற முறை மாப்பிள்ளை ஒருவன் பொலநறுவையில் இருக்கையில், தன் மகளை இங்கே பலவந்தமாகக் கட்டிக்கொடுக்கிறார்களே என்ற தாயின் ஆற்றாமை அந்தக் குலப் பேச்சுக்கு அடியில் இருந்ததாகவே நான் வாசிக்கிறேன். அவளுடைய மறுப்பு எடுபடவில்லை. கலியாணம் நடந்தது. கஜபாகுவுக்கு மித்தா கிடைக்கவில்லை. பிற்காலத்தில் அவனைச் சிறைப்பிடித்தவன் அந்தக் கலியாணத்து மாப்பிள்ளைதான்.

தந்தைக்குப் பின் கஜபாகு ஆட்சிக்கு வந்ததும் கீர்த்திஸ்ரீமேகனும் ஸ்ரீவல்லபனும் அவனிடமிருந்த கூலிப்படையான வேளைக்காரப் படையினரைப் பொருள் கொடுத்துத் தம்வசப்படுத்திக்கொண்டு அவனைத் தாக்கினார்கள். அவன் அவர்களைத் தோற்கடித்துத் திருப்பியனுப்பினான். பேசப்படாமல் போகும் ஒரு செய்தி இது: கஜபாகு கையாலாகாதவன் அல்லன்.

பிறகு வந்தான் பராக்கிரமபாகு. பிள்ளையில்லாத சித்தப்பா கீர்த்திஸ்ரீமேகனிடம் மகன்போல வளர்ந்தவன், அவரோடு பிணங்கிக்கொண்டு, வழியில் பதலத்தலியில் அவருடைய படைத்தலைவன் சங்கனையும் கொன்றுவிட்டு, கஜபாகுவின் எல்லைக்குள் வந்து சேர்ந்தான். தன்னோடு போரிட்டவர்களின் வீட்டுப் பிள்ளை இப்படி வந்து நிற்கும்போது ஓர் அரசன் என்ன செய்வான்? கஜபாகு அவனை எதிர்கொண்டு வரவேற்று, அரண்மனையில் வைத்துக்கொண்டான். மாமி மகன் வீடு தேடி வந்தால் எங்களூரில் யாரும் செய்வது அதுதான். பராக்கிரமபாகுவோ அங்கிருந்தபடியே வைத்தியர், பாம்பாட்டி, வளையல் விற்பவர் என்று பல வேடங்களில் ஒற்றர்களை அனுப்பி இராச்சியத்தின் பலவீனங்களை அளந்தான். அரசனின் சந்தேகத்தைத் தணிக்கத் தன் தங்கை பத்ராவதியை வரவழைத்து அவனுக்கு மணம்முடித்து வைத்தான். அவளுடைய சீதனத்தைத் தானே வைத்துக்கொண்டான். இவற்றைச் சூளவம்சம் பராக்கிரமபாகுவின் சாமர்த்தியமாகவே சொல்லிச் செல்கிறது. முறைப்பெண்ணைக் கொடுத்து மச்சானின் கண்ணைக் கட்டியதாகத்தான் எனக்குப் படுகிறது. பத்ராவதியை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

போர்க்காலத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கீர்த்திஸ்ரீமேகனுக்குப் பின் தெற்கு நாட்டுக்கு அதிபதியான பராக்கிரமபாகுவின் படைகள் பொலநறுவைக்குள் புகுந்து கஜபாகுவைப் பிடித்தன. வென்ற வீரர்கள் நகரத்து வீடுகளைக் கொள்ளையடித்ததால் மக்களும் அதிகாரிகளும் வெகுண்டு, உறுகுணையிலிருந்து மானாபரணனை அழைத்தார்கள். அவன் வந்து கஜபாகுவை விடுவித்தான். விடுவித்த கையோடு அவனையே சிறையிலிட்டான். கஜபாகுவின் ஆட்கள் வேறு வழியின்றிப் பராக்கிரமபாகுவிடமே உதவி கேட்டார்கள். ஒரு மச்சான் பிடித்தான், இன்னொருவன் விடுவித்துப் பூட்டினான், முதல் மச்சானே மீண்டும் வந்து அவனை விரட்டினான். நாடு முழுவதும் இந்த ஒரு குடும்பத்தின் சண்டைக்குக் களமாகிக் கிடந்தது.

கடைசியில் பிக்குமார் நடுவில் நின்று பேசினார்கள். அரசைக் கஜபாகுவிடமே விட்டுவிட்டுப் பராக்கிரமபாகு தன் நாட்டுக்குத் திரும்பினான். கஜபாகு மண்டலகிரி விகாரையில், இன்றைய மெதிரிகிரியவில், பொலநறுவையைத் தலைநகராகக் கொண்ட தன் நாடான இராஜரட்டையைப் பராக்கிரமபாகுவுக்குக் கொடுத்ததாகக் கல்லில் எழுதி வைத்தான். குருநாகல் பக்கத்துச் சங்கமுவ விகாரையில் இருவருக்குமிடையிலான உடன்படிக்கை கல்வெட்டாகவே இருக்கிறது. உயிருள்ளவரை ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுப்பதில்லை, முதலில் இறப்பவரின் உடைமை மற்றவரைச் சேரும், ஒருவரின் பகைவன் இருவருக்கும் பகைவன் என்பது அதன் சாரம். எங்கள் ஊரில் காணிச் சண்டை ஓய்ந்து, பெரியவர்கள் நடுவில் இருக்க இரு சகோதரர்கள் கையெழுத்து வைக்கும் உறுதியைப் பார்ப்பது போலவே இருக்கிறது. இதைப் பலர் கஜபாகுவின் சரணாகதி என்பார்கள். அப்படி மட்டும் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. தன்னைச் சிறைவைத்த மானாபரணன் கைக்கு அரசு போய்விடக்கூடாது, போவதென்றால் மாமியின் மகனுக்கே போகட்டும் என்று அவன் தெரிந்தே எடுத்த முடிவாகவும் இருக்கலாமல்லவா?

அதன்பின் அவன் வந்து தங்கிய இடம்தான் கந்தளாய். பாளி நூல் அதைக் கங்காதடாகம் என்கிறது. அவன் ஏன் இங்கே வந்தான் என்பதற்கு ஊரின் தன்மையே ஓரளவு பதில் சொல்கிறது. அக்காலக் கந்தளாய் ஒரு பிரம்மதேயம், அதாவது பிராமணருக்குக் கொடையாக விடப்பட்ட ஊர்; அவனுடைய பாட்டன் விஜயபாகுவின் பெயரால் விஜயராஜச் சதுர்வேதிமங்கலம் என்று அழைக்கப்பட்டது. அருகிலுள்ள பளமோட்டையில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, விஜயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில் நங்கைசானி என்ற பிராமணக் கைம்பெண் தன் கணவனின் நினைவாக இங்கிருந்த விஜயராஜ ஈச்சரம் என்ற சிவன் கோயிலுக்குக் கொடுத்த தானத்தைக் கூறுகிறது. தென்கயிலாயம் என்றும் அக்கோயிலைக் குறிக்கிறது. பாட்டன் பெயரில் ஊர், பாட்டன் பெயரில் கோயில். சொந்தங்களால் அலைக்கழிக்கப்பட்ட ஒருவன் கடைசியில் பாட்டனின் பெயர் தாங்கிய ஊரைத் தேடி வந்து தங்கியதில் எனக்கு வியப்பில்லை. வேற்றுச் சமயத்துப் பிரபுக்களை வெளிநாட்டிலிருந்து அழைத்து நாட்டை முட்புதராக்கினான் என்று அவன்மேல் சூளவம்சம் குற்றம் சாட்டுவதும் இதோடு சேர்த்து எண்ணத்தக்கது. ஆனால், அவனுக்காக நடுவில் நின்றவர்கள் பிக்குமார், அவன் தன் சொல்லைக் கல்லில் பதித்தது ஒரு விகாரையில். அவனை ஒரே சமயப் பெட்டிக்குள் அடைப்பவர்கள் அவசரப்படுகிறார்கள் என்றே சொல்வேன். இம்மாவட்டத்து மாங்கனாயிலும் அவன் பெயர் சொல்லும் தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்திருக்கிறது.

போன வைகாசியில் மச்சான் ஒருவனோடு மோட்டார் சைக்கிளில் போனேன். பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை தாண்டிக் கந்தளாய்க் குளக்கட்டில் ஏறியபோது வெயில் சாய்ந்திருந்தது. நீர் வற்றி, கரையோரம் சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. நடுவில் மட்டும் தண்ணீர் வெள்ளித் தகடுபோல் நின்றது. ஒரு முதியவர் கட்டிலிருந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். கந்தளாய் என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டேன். சிறுவயதில் அம்மம்மா சொன்ன அதே கதையை அவரும் சொன்னார்: கண்ணிழந்த அரசன் ஒருவனுக்கு இங்கே கண் தழைத்ததாம், கண்தழை கந்தளாய் ஆனதாம். கோணேசர் கோயிலுக்குக் கெடுதி நினைத்து வந்த கயவாகு கண் இழந்து, பிறகு பார்வை பெற்று, கோயிலுக்கே திருப்பணி செய்தான் என்றும் எங்கள் பக்கத்தில் சொல்வதுண்டு. வரலாற்றுக்கு இது உதவாது. ஆனால், நொந்துபோன ஓர் அரசன் கந்தளாய்க்கு வந்தான், வந்த இடத்தில் அமைதி கண்டான் என்ற நினைவு எண்ணூறு ஆண்டுகள் கழித்தும் ஒரு தூண்டில்காரரின் வாயில் இருப்பதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது.

இருபத்திரண்டு ஆண்டுகள் அரசனாக இருந்து, 1153இல் கஜபாகு இறந்தான். அவனுடைய அமைச்சர்கள் கல்லில் எழுதியதை மதிக்காமல் மானாபரணனுக்கு ஆளனுப்பினார்கள். மீண்டும் போர். மானாபரணன் தோற்று உறுகுணைக்கு ஓடி, அங்கே நோயில் விழுந்து, சாகுந்தறுவாயில் தன் மகனிடம் இனிப் பகை வேண்டாம், பராக்கிரமபாகுவிடம் போய்ச் சேர் என்று சொன்னானாம். அவனுடைய தாய் சுகலா மட்டும் விடவில்லை. புத்தரின் பல்லாகிய புனித தந்தத்தை வைத்துக்கொண்டு உறுகுணையில் கிளர்ச்சியைத் தலைமை தாங்கி நடத்தி, இறுதியில்தான் பிடிபட்டாள்.

சுகலாவின் மகள் லீலாவதி, பராக்கிரமபாகு இறந்த பின் 1197 முதல் மும்முறை பொலநறுவை அரியணையில் ஏறினாள். மூன்றாம் முறை 1212இல் அவளிடமிருந்து அரசைப் பறித்தவன் பாண்டிய நாட்டிலிருந்து வந்த பராக்கிரம பாண்டியன். அட்டையின் பின்பக்கத்தில் லீலாவதிக்கு இடமிருக்கவில்லை. பெரியம்மா அட்டையைத் திருப்பித் தந்தார். முன்பக்கத்தில், மணமக்களின் பெயர்களுக்குக் கீழே வெறுமையாயிருந்த இடத்தில் அவள் பெயரை எழுதி, விளிம்பைச் சுற்றிக் கோடு இழுத்துப் பின்பக்கத்துச் சுகலாவோடு சேர்த்தேன்.